ஆரோக்கியதாஸ் என்கிற

மைதா பசை கொதிக்கும் நாற்றத்தை யாரும் வாசனை என்று சொல்ல மாட்டார்கள். வெந்த மாவு, அதில் பூச்சி அரிக்காமலிருக்கப் போடும் மயில்துத்தத்தின் கசப்பு, அடிப்பிடித்த தகரத்தின் கருகல். போன வாரம் ராயபுரம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் பேருந்துக்கு நின்றபோது அது என் மூக்கில் ஏறியது. ஒருவர் பழைய பெயின்ட் வாளியில் துடைப்பக்கட்டையை முக்கி எடுத்து, வீட்டிலிருந்தே சம்பாதிக்கச் சொல்லும் சின்னத் தாள்களை மின்பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார். பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஐம்பதை நெருங்கும் ஓர் ஆள் தன் வாளியை முகர்ந்துகொண்டு நிற்பதை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னா சார், அட்ரஸ் தேட்றியா?"

இல்லை என்றேன். அது முழு உண்மையில்லை.

இருபத்து மூன்று வயதில் நான் வேலை பார்த்த இடத்துக்கு அந்த நாற்றம்தான் வாசல். ராயபுரத்தில், சுவரொட்டி மட்டுமே அடித்த ஓர் அச்சகம். கல்யாணம், காதுகுத்து, மாதா தேர், கேரம் போட்டி, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாவு. பெரிய எழுத்துகள் மரத்தில், சின்ன எழுத்துகள் ஈயத்தில். பின்கட்டில் பசை கொதிக்கும். முதலாளியை எல்லோரும் நைனா என்றோம். கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தமிழ் படித்தவன் என்று என்னை எழுத்துக் கோக்க வைத்தார். நான் கவிதை எழுதுகிறவன் வேறு. 'இறைவனடி சேர்ந்தார்' என்பதைவிட நல்ல வரியை என்னால் இந்த உலகத்துக்குத் தர முடியும் என்று நம்பினேன். முதல் வாரமே ஒரு மீன் வியாபாரியின் சாவுக்கு 'அலைகளிடம் திரும்பினார்' என்று கோத்துவிட்டேன். சர்க்கரை நோயில் வீட்டுக் கட்டிலில் போனவர் அவர். கடலில் விழுந்துவிட்டாரா, உடம்பு எங்கே ஒதுங்கியது என்று குப்பம் முழுக்க விசாரணை நடந்து, குடும்பத்தார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அன்று காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டுப் பதுங்கியிருந்த கவிஞனை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது.

நைனாவிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுச் செய்தியோடு யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேட்க மாட்டார். "அவர இன்னான்னு கூப்புடுவாங்க?" என்பார். அதற்குப் பிறகுதான் பெயர். சுவரொட்டியில் பெயர் முதலில் வரும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எ', அதாவது 'என்கிற'. அதற்குப் பக்கத்தில் பட்டப்பெயர், இரண்டு மடங்கு பெரிதாக. முனுசாமி என்கிற தொப்பை. ஜோசப் என்கிற பல்லு. காவல் நிலையத்திலும் இப்படித்தான் எழுதுவார்கள். செத்தவர்களுக்கும் தேடப்படுகிறவர்களுக்கும் எங்கள் பகுதியில் ஒரே இலக்கணம்.

"வெறும் பேரு போட்டா செவுருதான் படிக்கும்" என்பார் நைனா. "பட்டப்பேரு போட்டாத்தான் ஜனம் படிக்கும்."

அவர் சொன்னது தொழில் உண்மை. கைபேசி இன்னும் எங்கள் பக்கம் வராத காலம். ஒருவர் காலையில் செத்தால் மாலைக்குள் ஊருக்குத் தெரிய வேண்டும். சுவரைப் பார்த்துத்தான் ஜனம் வரும்.

எத்தனை பெயர்கள். உடம்பில் எது குறைகிறதோ, எது கூடுகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நெட்டை, குள்ளன், திக்குவாய், ஒத்தக்கண்ணு. சில பெயர்கள் ஒரே ஒரு நாள் செய்த காரியத்திலிருந்து வந்தவை. யாரோ ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டார் ஒருவர். சாகும்வரை அவர் பாயசம். என் கண்ணாடியின் தடிமனுக்கு என்னைச் சோடாபுட்டி என்றார்கள். கூப்பிட்டால் திரும்புவேன். திரும்பிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இன்னொரு வகைச் சொற்களும் இருந்தன. வாயில் உண்டு, அச்சில் வராது. பிறப்பைச் சொல்லிக் கூப்பிடும் சொற்கள். சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கேட்கிறவர்கள் சிரித்தார்களா என்று நான் அப்போது கவனிக்கவில்லை. அவற்றைக் கோக்க நைனா விட்டதில்லை. "வாயால சொன்னா பொறுத்துப்பான். செவுத்துல போட்டா கல்லெடுத்து உடுவான். நம்ப கடையில கண்ணாடி கதவு கீதுடா" என்பார். கொள்கை ஒன்றுமில்லை. கண்ணாடி.

நகரத்தின் மறுகோடியில் ஒருமுறை ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ராயபுரம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்க பக்கத்து பாஷையே ரொம்ப கலீஜா இருக்குமே" என்றார். ஆமாம் என்று நானும் புன்னகைத்தேன். கலீஜ் என்கிற அந்தச் சொல்லே எங்கள் பக்கத்துச் சரக்கு என்பது திரும்பி வரும் பேருந்தில்தான் உறைத்தது. அழுக்கு, ஆபாசம், அருவருப்பு மூன்றுக்கும் எங்களிடம் அந்த ஒரு சொல்தான். எங்கள் வாயிலிருந்து எடுத்துத் துடைத்து எங்கள் மேலேயே ஒட்டியிருந்தார்கள். பசை நல்ல பசை.

பசை என்றதும் ஆரோக்கியதாஸ் வருகிறார். அவரைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

துறைமுகத்தில் அவருக்கு வேலை, கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கி, தேங்கிப் போன எண்ணெய்க் கசடை வாளியில் அள்ளி மேலே அனுப்புவது. உள்ளே நிமிர முடியாது. வெளியே வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் மனிதனாக இருக்கும். முதல் நாள் அப்படி ஏறி வந்தவரைப் பார்த்து மேலே நின்ற யாரோ "அய்யே, கலீஜு" என்றிருக்கிறார்கள். அன்றோடு முடிந்தது. முப்பது வருடம் துறைமுகத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

நான் பார்த்த ஆரோக்கியதாஸ் வேறு ஆள். வேலை விட்டதும் துறைமுக வாசலருகே தெருக்குழாயில் அரை மணி நேரம் குளிப்பார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகு சோப்பு, பிறகு மறுபடியும் சோப்பு. வெள்ளைச் சட்டை மட்டுமே போடுவார். கழுத்தில் பவுடர். எங்கள் அச்சகத்து வாசலைத் தாண்டும்போது மசி பட்டுவிடுமோ என்று முழங்கையை இடுக்கிக்கொண்டு போவார். அந்தத் தெருவிலேயே சுத்தமான மனிதருக்கு அந்தப் பெயர். "டேய் கலீஜு" என்று எதிர்ச்சாரியிலிருந்து கூவுவார்கள். கையைத் தூக்குவார், சிரிப்பார், போவார்.

அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. கூட்டாளியின் வீட்டு விசேஷத்துக்குச் சுவரொட்டி அடித்து ஒட்டுவது துறைமுகத்துக்காரர்களின் வழக்கம், அது மரியாதை. ஆர்டர் கொடுக்க வந்தவரைக் கயிற்று வேலைக்காரர் மூளி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கப்பலைக் கட்டும் கயிறு ஒருநாள் அறுந்து தெறித்து அவர் இடது காதில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. ஆரோக்கியதாஸின் நெருங்கிய கூட்டாளி.

"இன்னா பேரு போடணும்?" என்று கேட்டேன்.

"கலீஜுனு போடு. தெரியாதவன் எவன் கீறான்?"

நிஜப் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. 'கலீஜ் இல்லத் திருமண விழா' என்று கோத்தேன். மணமகளைப் பெற்றவரின் பெயர் இல்லாத அந்தத் தாளைச் சிவப்பு மசியில் ராயபுரம் முழுக்க ஒட்டினோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மாதா கோயில் மதிலருகே ஆரோக்கியதாஸ் தனியாக நின்று அதைப் படிப்பதைப் பார்த்தேன். படித்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் தாளின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு மூலையைச் சுரண்டினார். அதுவும் வரவில்லை. வெள்ளைச் சட்டையில் சாயம் படாமல் விலகி நடந்தார்.

எங்கள் பசையைப் பற்றி எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது.

பிறகு அவர் ஓய்வு பெற்று, இளைய மகளோடு எர்ணாவூருக்குக் குடி போய்விட்டார். இரண்டு வருடம் போயிருக்கும். ஒருநாள் காலை, கதவைத் திறந்து அரை மணிகூட ஆகவில்லை, ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான். முகம் கழுவிய ஈரம் காதோரம் அப்படியே இருந்தது.

"அப்பா தவறிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு காசிமேடு கல்லறைல அடக்கம். போஸ்டர் வேணும்."

நைனா தன் கேள்வியைக் கேட்டார். "அவர இன்னான்னு கூப்புடுவாங்கம்மா?"

"பேரு சொல்லித்தான் கூப்புடுவாங்க. ஆரோக்கியதாஸ்."

நைனா எழுதிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அவள் என் பக்கம் திரும்பினாள். தன் பெயர் ஸ்டெல்லா என்றாள். "எங்கக்கா கல்யாணத்துக்கு இங்கதான் அடிச்சாங்க. சிவப்பு கலரு. நீங்கதான கோத்தீங்க?"

அப்போதுதான் யார் செத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. தலையாட்டினேன்.

"அக்காவ பெரம்பூர்ல ரயில்வே குடும்பத்துல குடுத்துது. மாப்ள வூட்டுக்காரங்க பஸ்ல எறங்குன எடத்துலயே உங்க போஸ்டர். இன்னிக்கி வரைக்கும் அக்கா கொழம்புல உப்பு போட மறந்தா, கலீஜ் வூட்டு பொண்ணு வேற எப்டி இருக்கும்ன்றாங்க. அவ கொயந்தைக்கு மூக்கு ஒயுகுனா, தாத்தா ரத்தம்ன்றாங்க. மூணு வயசு கொயந்த." குரல் உயரவில்லை. துணிக்கடையில் அளவு சொல்வது போலச் சொன்னாள். "இது கடைசி போஸ்டர். இதுல அந்தப் பேரு வரக்கூடாது. அவரோட அது போயிடணும்."

நான் ஒரு கடமையைச் செய்தேன். "இந்தப் பேர மட்டும் போட்டா ஹார்பர்காரங்களுக்குத் தெரியாதும்மா. யாரும் வர மாட்டாங்க."

"முப்பது வருசம் கூட வேல செஞ்சவங்களுக்கு பேரு தெரியாதா?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. படம் போட வேண்டுமானால் அதை உலோகத் தகட்டில் பிளாக் செய்ய ஒரு நாள் ஆகும், நேரமில்லை. கறுப்பு மசியில், 'எர்ணாவூர் ஆரோக்கியதாஸ் இறைவனில் இளைப்பாறினார்' என்று கோத்தேன். 'எ' இல்லை. அடைப்புக்குறி இல்லை. பதினோரு மணிக்குள் ஒட்டி முடித்தாயிற்று. துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைச் சுவரில் இரண்டு.

அங்கே நின்று மூளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அச்சகத்திலிருந்து கால்மணி நடை. அவள் சுவரில்தான் போடக்கூடாது என்றாள். வாயால் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்கு ஒரு பத்திரிகைக்குக் கவிதை அனுப்ப வேண்டியிருந்தது. தபால் நிலையம் போனேன். அந்தக் கவிதை திரும்பி வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கணக்கு சரியாக இருக்கட்டும்.

நாலு மணிக்குக் கல்லறைக்குப் போனேன். பங்குச் சாமியாரைச் சேர்த்து ஒன்பது பேர். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் நானும் தோள் கொடுத்தேன். ஸ்டெல்லா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைவில் சைக்கிள் மணி கேட்டால்கூடத் தலை திரும்பியது. மந்திரிப்பு ஜெபம் முடிந்ததும் என் அருகே வந்தாள்.

"போஸ்டர் ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டியாச்சு."

"ஹார்பர் வாசல்லயும்?"

"அங்க ரெண்டு."

ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். அக்கா வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த திங்கள்கிழமை காலை மூளி அச்சகத்துக்குள் வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து அடித்த வாடை பசையைத் தோற்கடித்தது.

"நேத்து கலீஜ பாக்கலாம்னு எர்ணாவூர் போனேன்டா. அவனுக்கு புடிக்குமேன்னு வஞ்சிரம் வாங்கிகினு போறேன். வூட்ல படத்துக்கு மாலை தொங்குது."

அவர் மீன் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீக்கட செவுத்துல உன் போஸ்டர் கீது. அன்னிக்கு அதும்மேல சாஞ்சிகினுதான் டீ குட்ச்சோம். எவனோ ஆரோக்கியதாஸாம், பாவம்னு சொன்னான் ஒருத்தன். எனக்கு டீ ஆறிப்போச்சுன்னு நான் சண்ட போட்டுகினு இருந்தேன்." பாதிக் காதைத் தடவிக்கொண்டார். "ஏன்டா சோடாபுட்டி, உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்த சொன்னா இன்னாடா?"

"அந்தப் பொண்ணு அந்தப் பேரு வேணாம்னு சொல்லிச்சு."

"அதுகிட்ட நான் எதுவும் கேக்கல. அது பெத்தவன் பேரு, அது இஷ்டம். உன்னக் கேட்டேன்."

நான் மர எழுத்துகளைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த எழுத்துகள்தான். நைனா ஸ்டூலைத் தள்ளிப் போட்டு அவரைக் குந்தச் சொன்னார். டீ வந்தது. குடிக்கவில்லை.

"ஒரே தட்டுல துன்னோம் நைனா" என்றார் கடைசியில். "கப்பல் தொட்டிக்குள்ளேர்ந்து அவன் கைய புடிச்சி தூக்கறவன் நானு. அவன் பேரு எனக்குத் தெரில. இப்பத்தான் தோணுது, எம்பேரு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா எம்பேரு?"

தெரியாது. நைனாவுக்கும் தெரியாது.

"எய்து. ராஜகோபால்."

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அடுத்த வாரமே அதற்குத் தனியாக ஒரு நீள நோட்டு போட வேண்டியதாயிற்று. மதிய இடைவேளையில் துறைமுகத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் சாவுச் சுவரொட்டியை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வந்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த மாதம் ராயபுரத்தில் அதுதான் நடந்தது. முகத்தில் துக்கம் ஒன்றும் கிடையாது. முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள் போல வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள்.

"சொட்ட, உன் பேரு மன்மதனாமே? செவுத்துல போட்டா செத்தது யாருன்னு உன் பொண்டாட்டியே கேப்பா."

"கேக்கட்டும். ஒரு நாளாச்சும் எந்த மன்மதன்னு தேடட்டும்."

பாயசம் மட்டும் பட்டப்பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார். அது சந்தோஷமான நாள், பாயசமும் நன்றாக இருந்தது என்றார். திக்குவாய் என்று அழைக்கப்பட்டவர் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அதில் அழகான கையெழுத்தில் 'தெய்வசிகாமணி, அவ்வளவுதான்' என்று இருந்தது. கடைசியாக ஒருவர் வந்தார். அவரைக் கூப்பிட்ட சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. நைனாவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற சொற்களில் ஒன்று அது. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, குனிந்து, "லாரன்ஸ்னு மட்டும் எய்து தம்பி. வேற எதனா சேத்து போடச் சொல்லி எவனாச்சும் வந்தா, கட மூடிட்டேன்னு சொல்லு" என்றார். அவர் சிரிக்கவில்லை. எத்தனையோ பேர் அவரை அந்தச் சொல்லால் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

ராஜகோபால் தன் பெயருக்குப் பக்கத்தில் 'எ' போட்டு மூளியையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். "காது போனது போனதுதான். மறைச்சா வந்துருமா?"

முப்பதாம் நாள் பூசைக்குச் சுவரொட்டி சொல்ல ஸ்டெல்லா வந்தபோது அவரும் அங்கே இருந்தார். இருவரும் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தத் தடவயாச்சும் அந்தப் பேர சின்னதா ஒரு ஓரத்துல போடும்மா. அப்பத்தான் எல்லாம் வருவானுங்க."

"வாணாம் மாமா."

"அப்பால போஸ்டர் ஒட்டி இன்னா பிரயோஜனம்? செவுரு வருமா பூசைக்கு?"

"வராதவங்க வர வாணாம்." அவள் கண்கள் கலங்கவில்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது. "அன்னிக்கு ஒம்போது பேர் வந்தாங்க. அந்த ஒம்போது பேரும் எங்கப்பா பேரு தெரிஞ்சி வந்தாங்க. எனக்கு அது போதும்."

போதவில்லை என்பது எனக்குத் தெரியும். கல்லறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கழுத்தை நான் பார்த்தவன். ராஜகோபாலுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். டீக்கடைச் சுவரில் புதுச் சுவரொட்டி ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஷிப்டு மாறும் நேரமெல்லாம் நின்றார். வெளியே வருகிற ஒவ்வொருவரின் சட்டையையும் பிடித்து இழுத்துத் தாளைக் காட்டினார். "படி." படித்தால், "யாரு தெரியுதா? நம்ம கலீஜு. பேரு ஆரோக்கியதாஸ். ஒரு தபா சொல்லு." சொன்னால்தான் விடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று தடவை. அந்தப் பெயரை ஒழிக்க அந்தப் பெயரையே அவர் அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை கட்டிப்போய், இரண்டாம் நாள் மாலை சுவரொட்டியை விரலால் தட்டி மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

பூசைக்குக் கோயிலின் பின்வரிசைகள் நிறைந்துவிட்டன. இஸ்திரி போட்ட சட்டைகள், படிய வாரிய தலைகள். பாதிப் பேருக்கு மேல் அந்தக் கோயிலுக்குள் அதுவரை வந்திராதவர்கள். எப்போது எழுவது, எப்போது முட்டி போடுவது என்று தெரியாமல் முன்வரிசைக் கிழவிகளைப் பார்த்து ஒரு நொடி தாமதமாக எல்லாம் செய்தார்கள். சாமியார் தொடக்கத்தில், இன்றைய பூசை இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பெயரை வாசித்தார். "ஆரோக்கியதாஸ்." உடனே பின்வரிசை மொத்தமும் விறைப்பாக எழுந்து நின்றது. அந்த இடத்தில் எழ வேண்டியதில்லை. இரண்டு நாள் பாடம் அவர்களை எழுப்பிவிட்டது. சாமியார் கொஞ்சம் தயங்கி, உட்காரச் சொல்லாமல் தொடர்ந்தார். முன்வரிசையில் ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் அக்காவும், அக்காவின் மடியில் குழந்தையும் இருந்தார்கள். அன்று அதற்குக் காய்ச்சல் இல்லை.

இப்போது அந்த டீக்கடைச் சுவர் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. கப்பல்களில் பாதி வடக்கே காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டன என்கிறார்கள். அச்சகம் இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். நைனா போய்விட்டார், அவருக்கு நான் கோத்த தாளில் பட்டப்பெயரைத்தான் போட்டேன், நிஜப் பெயரை அவர் சொல்லி வைக்கவில்லை. இப்போது சாவுக்கு ஆளுயர பேனர், அதில் செத்தவர் குளிர்கண்ணாடி போட்டுக் கைகூப்பிச் சிரிக்கிறார். முகமே இருப்பதால் பட்டப்பெயர் தேவைப்படுவதில்லை. தெருவில் பையன்கள் எல்லோரும் எல்லோருக்கும் ப்ரோ. சொற்கள் நாகரிகமாகிவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சென்ற தீபாவளிக்கு நான் எடுத்த சட்டையைப் பார்த்து என் மகள் "ரொம்ப லோக்கலா இருக்குப்பா" என்று சொல்லும்வரை. கலீஜ் எங்கும் போகவில்லை. குளித்துவிட்டு வந்திருக்கிறது.

நீள நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் அநேகமாக எல்லாப் பெயருக்கும் கோடு போட்டாயிற்று, அவரவர் சொன்னபடியே அடித்துக் கொடுத்த பிறகு. முதல் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம். ராஜகோபால், அதற்கப்பால் 'எ', அதற்கப்பால் மூளி. அந்தக் கடைசி இரண்டையும் அவரே கோடு போட்டு அடித்திருக்கிறார். பூசைக்கு மறுநாள் வந்து பேனாவைக் கேட்டு வாங்கி அடித்துவிட்டுப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள் பூசை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நானும் நின்றிருந்தேன்.

எர்ணாவூர் வழியாகப் போகும் எண்ணூர் பேருந்துக்கு ஸ்டெல்லா காத்திருந்தாள். அவளை வழியனுப்ப ராஜகோபால் வந்திருந்தார். கோயில் வாசலில் ஆரோக்கியதாஸின் படத்தைப் பார்த்ததும் ஒருவர் தாங்க முடியாமல் "டேய் கலீஜே" என்று உடைந்து அழுதிருந்தார். ராஜகோபால் அவர் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனதை அவளும் பார்த்தாள். பேருந்து திருப்பத்தில் தெரிந்தது. அவர் தொண்டை கட்டிய குரலில், யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"தப்புதாம்மா. ஆனா அவன நெனச்சா அந்தப் பேர்தான் வருது. ஆரோக்கியதாஸ்னு சொன்னா வேற எவனோ மாதிரி கீது. நான் இன்னா பண்றது?"

அவள் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மனசுக்குள்ள கூப்புட்டுக்கோங்க மாமா. வாய்விட்டு வாணாம்."